அடுப்பு வாயில் தூங்கிய குட்டி

பூனைக்குட்டி வந்த அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். அப்பா, அம்மா, நான். அக்கா இல்லை. அவள் மலைக்குக் கீழே, கோயம்புத்தூரைத் தாண்டி ஒரு நூல் மில்லில் இருந்தாள். மூன்று வருட ஒப்பந்தம். முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. எட்டாம் வகுப்போடு அவள் நின்றதால்தான் நான் கல்லூரி வரைக்கும் போக முடிந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கிவிட்டு வீட்டில் இருந்தேன்.

வீடு என்றால் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரு காம்பரா. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி. அம்மாவும் அப்பாவும் சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். சாமான்களை விட்டுவிட்டு வந்தாலும் சொற்களை விடாமல் கொண்டு வந்துவிட்டார்கள். அறையைக் காம்பரா என்பார்கள், டீயைத் தேத்தண்ணி என்பார்கள்.

அப்பா தோட்டத்து ஃபேக்டரியில் பத்தொன்பது வருடம் அடுப்புக்காரர். தேயிலையை உலர்த்தும் எந்திரத்துக்குக் கீழே இருக்கும் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் வேலை. அந்த வருடம் குன்னூர் ஏலத்தில் தூளின் விலை விழுந்துகொண்டே போனது. முதலில் ஃபேக்டரிக்குக் கொழுந்து விற்கும் சின்னத் தோட்டக்காரர்களின் கையில் காசு குறைந்தது. பிறகு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றார்கள். ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஃபேக்டரி அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். மூடிவிட்டோம் என்று சொல்லவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றுதான் சொன்னார்கள்.

அணைத்தவர் அப்பாதான். அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தபோது அவருடைய காக்கிக் கோட்டின் பாக்கெட் அசைந்துகொண்டிருந்தது.

"என்னங்க அது?" என்றாள் அம்மா.

அப்பா பாக்கெட்டுக்குள் கைவிட்டு, சாம்பல் நிறத்தில் கருப்புக் கோடு போட்ட ஒரு குட்டியை எடுத்துத் தரையில் வைத்தார். அது நிற்கத் தெரியாமல் நின்றது.

"மேல கொழுந்து வாட்டுற மாடியில பூனை குட்டி போட்டிருந்துச்சு. சூடு நின்னதும் தாய் ரெண்ட மட்டும் தூக்கிட்டுப் போயிருச்சு. இது அங்கேயே கெடந்து கத்துது."

"அது சரி, நாம என்ன பண்றதுக்கு?"

"சூட்டுல பொறந்த குட்டி. வெளிய விட்டா விடியறதுக்குள்ள வெறச்சுப் போயிரும்."

"மனுசனுக்கே மூணு நாள் வேலதான் தர்றாங்க. இதுக்குப் பால் எங்கேயிருந்து ஊத்தறது?"

"பால் எதுக்கு? நாம குடிக்கிற தேத்தண்ணியில நாலு சொட்டு ஊத்து."

"தேத்தண்ணி குடிக்கிற பூனைய எங்க பாத்தீங்க?"

"ஃபேக்டரியில பொறந்ததுல்ல. குடிக்கும்."

அது குடிக்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். பிறகு வடித்த கஞ்சியை ஆறவைத்து மூடியில் ஊற்றினாள். அதைக் குடித்தது.

பகல் முழுக்க வீட்டில் இருப்பவன் நான் என்பதால் குட்டி என் பொறுப்புக்கு வந்தது. காலையில் வேலைக்கு விண்ணப்பங்கள் எழுதுவேன். மத்தியானம் இரண்டு மைல் நடந்து தபாலில் போட்டுவிட்டு வருவேன். மீதி நேரம் அது தூங்குவதையும் தூங்காததையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் வாரம் அது அப்பாவின் கோட்டுப் பாக்கெட்டைத் தவிர வேறெங்கும் தூங்க மாட்டேன் என்றது. அட்டைப் பெட்டியில் பழைய துணி போட்டுக் கொடுத்தேன். ஏறி வெளியே வந்து கத்தியது. என் புத்தகப் பெட்டிக்குப் பின்னால் இடம் செய்து கொடுத்தேன். அங்கிருந்தும் கத்தியது. கோட்டைச் சுவரில் ஆணியில் மாட்டி, பாக்கெட்டுக்குள் குட்டியை இறக்கிவிட்டால் இரண்டு சுற்றுச் சுற்றி அடங்கிவிடும். கோட்டு அந்தப் பக்கமாகச் சாய்ந்து தொங்கும். அந்தக் கோட்டில் விறகுப் புகையும் தேயிலைத் தூளின் வாசனையும் ஊறிப் போயிருந்தன. அதனுடைய வீடு அந்த வாசனைதான் போலிருக்கிறது.

ஆனால் அப்பாவுக்கும் கோட்டு வேண்டும். அடுப்பை அணைத்த மறுநாளிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு அவர் கோட்டை மாட்டிக்கொண்டு ஃபேக்டரி கேட்டுக்குப் போய் நிற்பார். ஏதாவது சொல்வார்களா என்று பார்க்க. தூங்கிக்கொண்டிருக்கும் குட்டியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து என் மடியில் போடுவார். அது கண்ணைத் திறக்காமலே கத்தும். "இந்தா, இன்னிக்கு ஏதாச்சும் சொல்லிருவாங்க, வந்துர்றேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போவார். எங்களிடம் அப்படிச் சொல்வதை முதல் வாரத்தோடு நிறுத்திவிட்டார்.

நாங்கள் எழுந்து நடமாடும் நேரமெல்லாம் அது தூங்கும். பாத்திரம் விழுந்தாலும் எழுந்திருக்காது. நாங்கள் படுத்தால் அதற்கு விடிந்துவிடும். கம்பளிக்கு வெளியே நீட்டியிருக்கும் கட்டைவிரலைத் தேடிப்பிடித்துக் கடிக்கும். தூக்கம் அதற்கு மெல்ல மெல்ல வராது. நூலைத் துரத்திக்கொண்டே ஓடும், பாதி ஓட்டத்தில் உட்காரும், தலை தொங்கிவிடும். தூங்கும்போது முன்கால்கள் இரண்டும் மாறி மாறி எதையோ அமுக்கும், வாய் சப்பும். அதைப் பார்த்துவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போவாள்.

நான் அதன் தூங்கும் நேரத்தை எழுதி வைக்க ஆரம்பித்தேன். பதில் வராத விண்ணப்பங்களின் நகல் நிறைய இருந்தது. அவற்றின் பின்பக்கத்தில் எழுதினேன். எதற்கென்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஏதாவது ஒன்றை ஒழுங்காகச் செய்ய வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் அது அம்மாவின் கொழுந்துப் பைக்குள் போய்த் தூங்கிவிட்டது. அம்மா தெரியாமல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள். காலையில் ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுத்து வேலை வாங்கும் இடம்தான் பெரட்டு. நாற்பது பேர் நிற்பார்கள், இருபது பேருக்குத்தான் அன்று வேலை என்பார்கள். அம்மா பேரைச் சொன்ன நேரத்தில் பையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்திருக்கிறது.

"என்னம்மா, ஆளக் கூட்டிட்டு வந்திருக்க? இதுக்கும் பேர் போடவா?" என்றாராம் சூப்பர்வைசர்.

"போடுங்க ஐயா. என் பேரு விட்டுப் போனாலும் அது பேரு இருக்கட்டும்" என்றாளாம் அம்மா.

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அன்று அம்மாவின் பேர் விட்டுப்போனது. பத்து நிமிடத்தில் பையோடு திரும்பி வந்தாள். குட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கார்த்திகையில் குளிர் இறங்கியது. அரிசி ரேஷனில் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முடை விறகுதான். தோட்டத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு பக்கத்துத் தேயிலையைக் கவாத்து வெட்டுவார்கள். வெட்டிப் போட்ட மிலாறை, அதாவது செடியின் குச்சிகளை, லயத்து ஆட்கள் கட்டிக்கொண்டு வருவோம். வருடம் முழுக்க அதுதான் எரிப்பது. அந்த வருடம் கவாத்துக்குக் கூலி கொடுக்க முடியாது என்று வெட்டவில்லை. சோலைக்குள் போனால் ஃபாரஸ்ட் ஆட்கள் பிடிப்பார்கள். விறகு வேண்டுமென்றால் கடையில் கட்டு முப்பது ரூபாய். ஃபேக்டரியில் ஒரு நாளைக்கு ஒரு லாரி விறகை எரித்த மனிதரின் வீட்டில் ஒரு கட்டு விறகை எண்ணி எண்ணி வைத்தோம்.

அம்மா யாரிடமும் கேட்காமல் ஒரு முடிவுக்கு வந்தாள். சாயங்காலம் ஒரு வேளை அடுப்பு. அதிலேயே மறுநாளைக்கும் சேர்த்து வடித்துவிடுவது. காலையில் தண்ணீர் ஊற்றிய சோறு. சாயங்காலத் தேத்தண்ணிக்குப் பக்கத்துக் காம்பராவோடு முறை. ஒரு நாள் அவர்கள் காய்ச்சினால் நாங்கள் தம்ளரை எடுத்துக்கொண்டு போவோம், மறுநாள் நாங்கள்.

அப்பாவுக்கு அடுப்பை அப்படியே விட மனம் வராது. சாயங்காலம் சமையல் முடிந்ததும் தணலை ஒரு மூலைக்குத் தள்ளி, மேலே சாம்பலைப் போர்த்தி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் சாம்பல் போடுவார். பத்தொன்பது வருடப் பழக்கம். அவர் பொத்தி வைத்த அடுப்பு மறுநாள் மத்தியானம் வரைக்கும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டை வைத்து எங்களுக்கு ஒன்றும் ஆகாது.

குட்டிக்கு ஆனது. மூன்றாவது நாளே கண்டுபிடித்துவிட்டது. காலை ஆறு மணிக்கு என் காலடியிலிருந்து எழுந்து, உடம்பை நீட்டி முறித்து, நேராக அடுப்படிக்குப் போகும். அடுப்பு வாயில் தலையை விட்டு, தணல் இல்லாத பக்கமாகச் சாம்பலில் சுருண்டுகொள்ளும். அவ்வளவுதான், சாயங்காலம் அம்மா விறகை எடுக்கும் வரைக்கும் வெளியே வராது. கத்தல் நின்றது. அது அந்த வீட்டுக்குப் பழகிவிட்டது என்று எனக்கு அன்றுதான் தோன்றியது. என் குறிப்பில் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே வரிதான். காலை ஆறு, அடுப்பு.

காலையில் எங்கள் அடுப்பு எரியாததற்கு வீட்டில் ஓர் ஆள் சந்தோஷப்பட்டதென்றால் அது இந்தக் குட்டிதான்.

பக்கத்துக் காம்பராக்காரி மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்குக் கண் கூர்மை, வாய் அதைவிட.

"ஏனுங்க அண்ணி, உங்க ஊட்டுப் பூனை சாயங்காலமானாத் திருநீறு பூசிக்கிட்டு வருதுங்க? என்ன விரதம்?"

"கார்த்திகை சோமவாரம்" என்றாள் அம்மா.

"இன்னிக்கு வியாழனுங்க."

"அதுக்கென்ன தெரியும், பூனைக்கு?"

"சும்மா கேட்டனுங்க. எங்க ஊட்டுதும் அதே கோயிலுக்குத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் போனதும் அம்மா என்னிடம், "அது வெளிய போறப்பத் தொடச்சு விடுடா" என்றாள்.

அதிலிருந்து அது அடுப்பைவிட்டு வந்ததும் ஈரத் துணியால் துடைப்பேன். மேல் முடி சுத்தமாகிவிடும். முடியின் வேரில் சாம்பல் போகாது.

மார்கழிக் கடைசியில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவள் எழுத்து எட்டாம் வகுப்பிலேயே நின்றுவிட்ட எழுத்து, பெரிது பெரிதாக, கோட்டுக்கு மேலே ஏறி. தை பிறந்து மூன்று நாள் லீவு தருகிறார்கள், வருகிறேன் என்று எழுதியிருந்தாள். ஒப்பந்தம் முடியும் பிள்ளைகளிடம் இன்னும் ஒரு வருடம் இருக்கிறாயா, போகிறாயா என்று மில்லில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அப்பா கையெழுத்துப் போட வேண்டும், நீதான் நிரப்ப வேண்டும். பிறகு இப்படி எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"தம்பி ஷிப்டு மாறி மாறி வருது. பகல்ல தூக்கம் வர மாட்டேங்குது ராத்திரி மிஷினுக்கிட்ட நின்னுக்கிட்டே கண்ணு சொக்குது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரும் எழுப்பாம தூங்கணும் அது போதும். வீட்டுல எல்லாம் சரியா இருந்தா நான் முடிச்சிட்டு வந்திர்றேன். இல்லன்னா இன்னும் ஒரு வருசம் இருந்துக்கறேன். எது உண்மையோ அதை எழுது."

நான் சத்தமாகப் படித்தேன். அப்பா, "வரச் சொல்லு" என்றார். அம்மா, "எல்லாம் சரியா இருக்குன்னு எழுது" என்றாள்.

எழுதினேன். ஃபேக்டரி ரிப்பேருக்காக நிறுத்தியிருக்கிறார்கள், தையில் திறப்பார்கள். அம்மாவுக்கு வேலை இருக்கிறது. நானும் ஓர் இடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் ஒரு பூனைக்குட்டி வந்திருக்கிறது, ஃபேக்டரிச் சூட்டில் பிறந்தது, எந்நேரமும் தூங்குகிறது. அந்தக் கடிதத்தில் பூனையைப் பற்றி எழுதியதுதான் உண்மை.

அக்கா வருகிற மூன்று நாளும் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிய வேண்டும் என்று அம்மா சொன்னாள். கடையிலிருந்து இரண்டு கட்டு விறகு வந்தது. பருப்பு வந்தது, சர்க்கரை வந்தது. காலையில் பால் ஊற்றிய டீ. அப்பா ஒரு பழைய தகரத்தை வெட்டிச் சுவரில் இருந்த ஓட்டையை அடைத்தார். அம்மா காம்பராவைச் சாணி போட்டு மெழுகினாள். கதவுக்குப் பின்னால் கிழிந்து தொங்கிய கோணியைக்கூட மாற்றினோம். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம்.

"குட்டிய நீ பாத்துக்க" என்றாள் அம்மா என்னிடம்.

அக்கா சாயங்கால பஸ்ஸில் வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருப்பு. தலைமுடியில் பஞ்சு இருக்கிறதா என்று அவளே தடவிப் பார்த்துக்கொண்டாள், பழக்கம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சோறு, பருப்பு, அப்பளம். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு ரிப்பேர் வேலை முடிந்து வந்தவர் போல வெளியிலிருந்து வந்தார். அக்கா குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இதுதான் அந்தத் தூங்குமூஞ்சியா?"

"ஒன்னய மாதிரி" என்றேன்.

"நான் எங்கடா தூங்கறேன்? இது கொடுத்து வெச்சது."

சாப்பிட்டு முடிக்கும்போதே அவளுக்குக் கண் மூடிவிட்டது. கையைக் கழுவியதும் படுத்துவிட்டாள். குட்டி அவள் கழுத்துக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டது. வழக்கமாக எங்கள் கட்டைவிரலைக் கடிக்கும் நேரத்தில் அது அவளோடு சேர்ந்து தூங்கியது. இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விட்டன. அதை எடுத்து அட்டைப் பெட்டியில் அடைத்துவைக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அப்படித் தூங்குகிறவளின் கழுத்திலிருந்து எப்படி எடுப்பது? விட்டுவிட்டேன். இவளோடு விடிந்த பிறகும் தூங்கும் என்று நம்பினேன். என் குறிப்பில் இரண்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். இருந்தும் நம்பினேன்.

அம்மா ஐந்தரைக்கே எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். விறகு நன்றாகப் பிடித்துக்கொண்டது. பானையை ஏற்றிவிட்டுத் தண்ணீர் பிடிக்க வெளியே போனாள். நான் பாதித் தூக்கத்தில் கிடந்தேன். ஆறு மணிக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கத்தல்கூட இல்லை, தும்மல் மாதிரி. எழுந்து போய்ப் பார்த்தால் குட்டி அடுப்படியின் மூலையில் உட்கார்ந்து முன்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. முடி கருகிய நாற்றம். இடது பக்க மீசை சுருண்டு, பழுப்பாகி, பாதியில் நின்றுபோயிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அது அடுப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தது. இரண்டு மாதமாகப் படுத்த இடம் அதைக் கடித்திருந்தது.

அக்கா பத்து மணிக்கு எழுந்தாள். நான் சின்ன வயதிலிருந்து பார்த்ததில் அவள் பத்து மணிக்கு எழுந்தது அன்றுதான். அம்மா பால் டீ கொடுத்தாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குட்டியை மடியில் போட்டுக்கொண்டாள்.

"இதுக்கு ஏன் ஒரு பக்கம் மீசை இல்ல? நேத்து இருந்துச்சே."

"அடுப்புல மூஞ்சிய விட்டிருச்சு. சூடு தெரியாத சனியன்" என்றாள் அம்மா.

"சூடு தெரியாதா? ஃபேக்டரிச் சூட்டுல பொறந்ததுன்னு இவன் எழுதியிருந்தான்."

அக்கா குட்டியைப் புரட்டி, வயிற்று முடியை எதிர்ப்பக்கமாகத் தடவினாள். வேரில் சாம்பல் நிறம். விரலைப் பார்த்தாள். மறுபடியும் தடவி, மெல்ல ஊதினாள். கொஞ்சம் தூசி பறந்து வெயிலில் நின்றது.

"தெனம் காலைல எரியிற அடுப்பா இருந்தா இது பக்கத்துலயே போயிருக்காது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அறுந்த நூலின் நுனியைத் தேடுகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "எரியாதுன்னு நம்பித்தான் தலைய விட்டிருக்கு. எத்தன நாளாம்மா?"

"நீ டீயக் குடி. ஆறுது."

"எத்தன நாளா?"

"ஒரு நாள் ரெண்டு நாள் இருக்கும். வெறகு நனஞ்சு போச்சு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. ஒன்னயப் படிக்க வெச்சது பொய் எழுதறதுக்கா?"

அம்மா என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள். உள்ளே விறகு இன்னும் எரிந்துகொண்டிருந்தது, மேலே ஒன்றும் இல்லாமல்.

"கார்த்திகையிலேர்ந்து" என்றேன்.

"ஃபேக்டரி?"

"ஐப்பசியிலேர்ந்து. ரிப்பேர் இல்ல."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். பிறகு எழுந்து போய், எரிந்துகொண்டிருந்த இரண்டு விறகையும் வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். "சாயங்காலத்துக்கு ஆகும்" என்றாள்.

அப்பா கேட்டிலிருந்து மத்தியானம்தான் வந்தார். நடந்ததை அம்மா சொன்னாள். அவர் கோட்டைக் கழற்றவில்லை.

"இன்னொரு வருசமெல்லாம் வேணாம்" என்றார். "ரெண்டரை மாசத்துல முடிச்சிட்டு வா. வந்து தூங்கு. மத்ததப் பாத்துக்கலாம்."

"எதப் பாப்பீங்க? கேட்டையா?"

"தொறந்துருவாங்க."

"தொறக்கட்டும்ப்பா. தொறந்த அன்னிக்கு ஒரு கடுதாசி போடச் சொல்லுங்க, அன்னிக்கே வந்திர்றேன். இந்தத் தடவ உண்மைய எழுதச் சொல்லுங்க."

அப்பா சிரிக்க முயன்று முடியாமல் வெளியே போய் நின்றார்.

படிவத்தை அன்று சாயங்காலம் நிரப்பினேன். இரண்டு கட்டங்கள் இருந்தன. முடிந்ததும் போகிறேன் என்று ஒன்று, மேலும் ஒரு வருடம் இருக்கிறேன் என்று ஒன்று. முதலாவதில் குறி போடத்தான் அவள் அதை நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நான் இரண்டாவதில் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள். அப்பா அடியில் கையெழுத்துப் போட்டார். பேனாவை இறுகப் பிடித்துப் போட்டதில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. படித்துச் சொன்னேன். லீவு எடுக்கும் நாட்களை ஒப்பந்தம் முடிந்த பிறகு வேலை செய்து ஈடுகட்ட வேண்டும்.

"அதுவும் இருக்கா?" என்றாள் அக்கா. "அப்பக் காசு குடுத்து வாங்கின தூக்கம். நல்லாவே தூங்கறேன், எழுப்பாதீங்க."

தூங்கினாள். அடுத்த நாள் முழுக்கத் தூங்கினாள். மூன்றாம் நாள் பஸ்ஸுக்கு எழுப்பும் வரைக்கும் தூங்கினாள். காலையில் அடுப்பு எரியவில்லை. குட்டி அடுப்படிக்குப் போகவே இல்லை, அவள் முழங்காலின் மடிப்பில் கிடந்தது. எங்கள் அசதியையும் சேர்த்து அந்த இரண்டும் தூங்கித் தீர்ப்பதைப் போலிருந்தது. அம்மா சத்தம் போடாமல் வெளி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தாள்.

அக்கா போன மறுநாள் காலை ஆறு மணிக்குக் குட்டி அடுப்பு வாய்க்கு வந்தது. உள்ளே போகவில்லை. முன்காலை மட்டும் நீட்டிச் சாம்பலைத் தொட்டுப் பார்த்து, உதறி, திரும்பிப் போய்விட்டது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. மாசி முடிவதற்குள் மீசை முழுக்க வளர்ந்துவிட்டது. எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா வந்துபோன மூன்று நாளுக்கு வீட்டில் ஆன செலவு விறகு அறுபது, பால், சர்க்கரை, பருப்பு இருபத்து நான்கு, மொத்தம் எண்பத்து நான்கு ரூபாய். அக்காவுக்கு ஆனது ஒரு வருடம், மூன்று நாள்.